ஏழடித் தண்ணீர்

கோணாமலையர் வீட்டுக் குசினிச் சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஏறிய அன்று கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. துளை போடும் மெசினின் சத்தத்துக்குப் பூனை கூரைக்கு ஓடிவிட்டது. கோணாமலையர் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, தான் சாந்து பூசிய சுவரில் பிறத்தியான் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் உதிரவில்லை. அதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

கோணாமலையர் வீடு என்று சொல்வதே பிழை. மட்டக்களப்புப் பக்கம் ஆம்பிளைக்கு ஏது வீடு? பிறந்தது தாயின் வீடு, அது சகோதரிக்குப் போகும். வாழ்ந்தது மனைவியின் வீடு, அது மகளுக்குப் போகும். இடையில் கூரை மேய்வதும் கிணறு இறைப்பதும் சுவர் பூசுவதும்தான் அவன் பங்கு. அமிர்தகழிக்கு வடக்கே வாவிக் கரையில் நிற்கும் இந்த வீட்டை அவர் மனைவி மங்கையற்கரசிக்கு அவள் தாய் சீதனமாகக் கொடுத்தாள். மகள் யசோதினி கலியாணம் முடித்தபோது வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயருக்கு மாறியது. ஊர் வழமைப்படி தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறை போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். யசோதினி புருசனோடு சுவிசுக்குப் போனாள். ஐந்து வருசத்துக்கு முன்பு ஒரு காலையில் நெஞ்சு நோகுது என்று படுத்த மங்கையற்கரசி எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்துபோன யசோதினி அதற்குப் பிறகு வரவில்லை. பூட்டிக் கிடந்த முன்வீட்டில் கறையான் ஏறியது. விடுமுறைக்கு வருகிற ஆட்களுக்கு நாள்வாடகைக்கு விடுவோம் என்று அவள்தான் முடிவெடுத்தாள். விட்டும் விட்டாள்.

அதைப் பார்த்துக்கொள்ளப் பிடித்த பொடியன்தான் பஹ்மி. காத்தான்குடிக்காரன், முப்பது வயது. கல்லடி தொடக்கம் பாசிக்குடா வரைக்கும் ஏழு வீடு அவன் கையில் இருந்தது. நல்ல பிள்ளை. குனிந்து வேலை செய்வான், கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வான், ஆனால் கண் முக்கால்வாசி நேரம் போனில் இருக்கும். அந்தப் போனுக்குள் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று வைத்திருந்தான். இருபத்து மூன்று விசயம். ஒவ்வொன்றையும் முடித்துப் படம் எடுத்து, வாடகைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையத்தளத்துக்கு அனுப்பினால்தான் மார்கழி விடுமுறைக்கு வீட்டைத் திரும்பத் திறக்கலாம்.

"ஐயா, இந்தச் சிலிண்டர வருசத்துக்கு ஒருக்கா கொம்பனி ஆள் வந்து பாக்கணும்," என்றான் பஹ்மி, கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி. "இந்தா, இதில திகதி போட்டுக் கையெழுத்து வெச்சிட்டுப் போவாங்க."

"நெருப்புப் பிடிக்காட்டியுமா?"

"பிடிக்காட்டித்தான் பாக்கணும். சும்மாவே தொங்கிக்கிட்டுக் கிடந்தா உள்ளுக்குள்ள இருக்கிற மா இறுகிப் போயிரும். வெளியால பாத்தா ஒண்டும் விளங்காது. புதுசு மாதிரித்தான் இருக்கும்."

"அப்படியா சங்கதி," என்று கோணாமலையர் சிலிண்டரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

மழை விட்ட நேரமெல்லாம் பஹ்மி வளவைச் சுற்றினான். கேஸ் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே எடுத்து வைத்தான். குளியலறைத் தரைக்கு வழுக்காத ரப்பர் விரித்தான். வேலிக்கு வாவித் தண்ணீர் வரைக்கும் முள்ளுக்கம்பி இழுத்தான். வாசல் கேற்றுக்கு இலக்கம் தட்டினால் திறக்கிற பூட்டுப் போட்டான். ஒவ்வொரு ஆட்களுக்கும் ஒவ்வொரு இலக்கம், அவர்கள் போனதும் மாறிவிடும்.

"கிணத்துக்கு இரும்பு வலை போடணும் ஐயா."

"அம்பது வருசமா இதில ஆரும் விழல்லயே தம்பி."

"விழுந்த வீட்டுக்காரங்கதான் இந்தப் பட்டியல எழுதியிருக்காங்க போல." பஹ்மி சிரித்தான். "பாம்பு கீம்பு வருமா?"

"மழைக்குப் பாம்பு மேட்டுக்கு வராம வேற எங்க போற? வந்தா ஓரமாப் போயிரும். அதுக்கும் சோலி இருக்குத்தானே."

"அல்லாவே! இத நான் எப்படி எழுதுற?"

"எழுதாத. நான் பாத்துக்குவன்."

கடைசியாகத் தோணித்துறை. வாவிக்குள் இருபது அடிக்குப் பலகை போட்டது. கோணாமலையர் தன் கையால் அடித்தது. நாற்பது வருசம் வீச்சுவலையோடு அவர் இறங்கியதும் ஏறியதும் அங்கேதான். செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை நாலை அங்கே ஆணியில் கொழுவிவிட்டு, பஹ்மி பலகையின் நுனியில் நின்று தண்ணீரைப் பார்த்தான்.

"இந்த இடத்தில ஆழம் எவ்வளவு ஐயா? அறிவிப்புப் போட் எழுதணும்."

கோணாமலையர் தோணி தள்ளும் கம்பை எடுத்து வந்தார். நுனியில் குத்தி நிறுத்தி, நனைந்த இடத்தில் பெருவிரலை வைத்துத் தூக்கினார். பிறகு அடியடியாகப் பாதத்தை வைத்து அளந்தார். அளப்பதில் விளையாட்டில்லை.

"ஏழடி. நறுக்கா ஏழடி."

அன்று பின்னேரமே மூன்று பாசையிலும் போட் எழுதித் துறைக் கம்பத்தில் அறைந்தாயிற்று: ஆழம் 7 அடி. கோணாமலையர் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் வாயால் சொன்ன ஒன்று பெயின்டில் எழுதப்பட்டது அவர் சீவியத்தில் அதுதான் முதல்முறை.

மனுசன் பிழைவிட்டதும் அங்கேதான். வாவிச் சனத்தைக் கேட்டால், ஆழம் என்பது மீன் விலை மாதிரி: இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்கு எவன் கண்டான்? வாவியை அவர்கள் ஆறு என்றுதான் சொல்லுவார்கள்; அது கடலோடு சேரும் ஆற்றுவாயை மழைக்காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். ஆறெல்லாம் வாவிக்குள் இறங்கும், வாவி வீங்கும், மேற்கே படுவான்கரையில் நெல் வட்டைகள் தாழும். விவசாயிகள் சத்தம் போட, அதிகாரிகள் மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் தண்ணீர் கடலுக்கு ஒரே பாய்ச்சல். ஒன்றரை நாளில் வாவி மூன்றடி நாலடி இறங்கிவிடும். இதை அந்தக் கரையில் ஆரும் ஆருக்கும் சொல்லுவதில்லை. சோறு சுடும் என்று சொல்லுவார்களா? கோணாமலையருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைத்தெருவில் வளர்ந்த பஹ்மிக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு கிழமை போக, சுவிசில் இருந்து யசோதினி போன் எடுத்தாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஓம் மகள். கீரையும் சுங்கான் கருவாடும். நீ?"

"நான் வேலைக்குப் போகப்போறன். அப்பா, ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கப்படாது."

"சொல்லு."

"ஆவணியில வந்து நிண்டாங்களே ஒரு குடும்பம், அவங்க எழுதினத இப்பதான் பஹ்மி காட்டினான். விடியக் காலம குசினி யன்னலடியில ஒரு வயசாளி நிண்டு மோந்து மோந்து பாத்தாராம். அந்த அம்மா பயந்து கத்தினவவாம்."

கோணாமலையருக்கு ஞாபகம் இருந்தது. கத்தினது உண்மை. மோந்ததும் உண்மை.

"அது நீங்கதானே அப்பா?"

"கேஸ் மணக்குதா எண்டு பாத்தன் மகள். ராவைக்குச் சமைச்சிட்டு மூடாமப் படுத்திட்டாங்க எண்டா? காலத்தால ஒருக்கா சுத்தி வாறது என்ட பழக்கம்தானே. கேற்றுக் கொண்டி, கிணத்தடி, மறுகா குசினி."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்காதே. ஆக்கள் காசு குடுத்து வாறது தனிய இருக்கத்தான். அதால... ஆக்கள் நிக்கிற நாளையில வாகரையில மாமி வீட்ட போய் நில்லுங்களன். நாலு நாள்தானே. மாமியும் சந்தோசப்படுவா."

"நான் பின்னால கதவச் சாத்திட்டு இருப்பன் மகள். லைட்டும் போடமாட்டன்."

"அப்பா..."

"சரி சரி. போறன்."

மார்கழிப் புதன்கிழமை அவர் பையைக் கொழுவிக்கொண்டு கேற்றடியில் நிற்கும்போதே வந்துவிட்டார்கள். கொழும்பில் பாங்கில் வேலை செய்யும் உதயரூபன், அவர் மனைவி, பதின்மூன்று வயது மகள். பிள்ளை வான் வண்டியில் இருந்து இறங்கியதும் நேரே துறைக்கு ஓடினாள்.

"நீச்சல்ல கப் எடுத்த புள்ளையாம்," என்று பஹ்மி காதோடு சொன்னான். "தலைகீழாக் குதிக்கிறதில கெட்டிக்காரியாம். ஆழம் எவ்வளவு எண்டு கேட்டு, ஏழடி எண்டதுக்குப் பிறகுதான் வீட்டப் பிடிச்சாங்க. உங்கட அளவாலதான் ஐயா வந்த ஆக்கள்."

அந்தப் பெருமையோடு கோணாமலையர் பஸ் ஏறினார். வாழைச்சேனை தாண்டும் வரைக்கும் அது தாங்கியது.

வாகரையில் தங்கை அன்னப்பூரணி இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. அவர்கள் பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது வீடு அன்னப்பூரணியின் மகளுக்கு எழுதியாயிற்று, மருமகன் கடற்தொழில். எல்லாரும் நல்ல சனம். கோணாமலையருக்கு முன்னறைக் கட்டிலை ஒழித்துக் கொடுத்துவிட்டு மருமகன் விறாந்தையில் பாயைப் போட்டான். தேத்தண்ணியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சோற்றில் மீன்தலையை அவருக்கு வைத்தார்கள். அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் அள்ளினால், "நீங்க இருங்க மாமா" என்று வாளியைப் பிடுங்கினார்கள்.

"ஏன் அண்ணன் இப்படி ஒடுங்கிப் போய் இருக்கீங்க? இது உங்கட வீடுதானே," என்றாள் அன்னப்பூரணி.

"ஓம் ஓம்," என்றார். பிறந்த ஊரிலும் விருந்தாளி. வாழ்ந்த வளவிலோ விருந்தாளி கண்ணில் படக்கூடாத ஆள். இதை ஆரிடம் போய்ச் சொல்ல? மங்கையற்கரசி இருந்தால் சொல்லியிருப்பார். அவளும் "உங்களுக்கு வேற வேலையில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பாள்.

வியாழக்கிழமை முழுக்க மழை. கோணாமலையர் பஹ்மிக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். முதல் தரம் பூனைக்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்டார். இரண்டாம் தரம் கிணற்று மோட்டர் சில நேரம் இறுகும், ஒருக்கால் வந்து தட்டிவிடட்டுமா என்றார்.

"ஐயா, எல்லாம் நல்லாருக்கு. ஆக்கள் மழைக்கு வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. நீங்க நிம்மதியா நில்லுங்க," என்றான் பஹ்மி. குரலில் சலிப்பு இருந்தது. அது அவருக்கும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. பத்து மணிபோல் மீன் ஏற்ற வந்த ஐஸ் லொறி வீட்டு வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் ஏறாவூர் ஸாஹிர். மருமகனிடம் மீன் எடுக்கிறவன், கோணாமலையரையும் தெரியும்.

"என்ன அண்ணன், இஞ்ச வந்து நிக்கிறீங்க? அங்க ஆறு வத்திப் போகுது," என்றான், பெட்டியை ஏற்றிக்கொண்டே.

"என்ன வத்துற?"

"தெரியாதா? வட்டையெல்லாம் தாண்டு போச்செண்டு படுவான்கரைச் சனம் அரசாங்கக் கச்சேரி வாசல்ல போய் நிண்டிட்டு. நேத்து விடிய பெக்கோ மெசினக் கொண்டந்து ஆத்துவாய வெட்டிட்டானுகள். தண்ணி பாயுற பாய்ச்சல் இருக்கே! வாழமரம், தகரம், கோழிக்கூடு எல்லாம் கடலுக்குப் போகுது. இண்டைக்குக் காலம பாத்தா தோணியெல்லாம் சேத்தில குந்திக்கிட்டு இருக்கு."

கோணாமலையரின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதைத் தட்டில் வைத்தார்.

"அன்னம், என்ட பையக் கொண்டா."

"என்ன அண்ணன்? சோறு உலையில..."

"பையக் கொண்டா எண்டுறன்!"

தங்கையை அவர் அப்படி அதட்டி முப்பது வருசம் இருக்கும். லொறியில் ஏறியதும் பஹ்மிக்கு எடுத்தார். மணி அடித்தது.

"தம்பி, நான்..."

"ஐயா, பூனைக்குச் சோறு வெச்சாச்சி. நான் இன்னொரு வீட்டுச் சோலியில நிக்கன். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எடுக்கன், என்ன?" வைத்துவிட்டான்.

திரும்ப எடுத்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. மகளுக்கு எடுத்தார். யசோதினி ஆஸ்பத்திரிக் குசினியில் காலை வேலைக்காரி, போன் அலுமாரிக்குள் கிடக்கும். அதுவும் அடித்து ஓய்ந்தது. வந்த ஆட்களின் இலக்கம் அவரிடம் இல்லை. பக்கத்து வளவுக்காரர் கனடாவில். மற்றப் பக்கம் ஆளில்லாத தென்னந்தோட்டம். ஓடிப்போய்ப் பார் என்று சொல்ல அந்தக் கரையில் அவருக்கு ஒருத்தரும் இல்லை. இந்த வயதுக்கு இவ்வளவுதானா நான் சேர்த்த சனம் என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

"என்ன அண்ணன், வேர்த்துக் கொட்டுது?" என்றான் ஸாஹிர்.

அவர் சொன்னார். போட்டைச் சொன்னார், ஏழடியைச் சொன்னார், நீச்சல்காரப் பிள்ளையைச் சொன்னார்.

"ஆழம் குறைஞ்சா நல்லம்தானே. ஆரும் தாழமாட்டான்."

"தலைகீழாக் குதிக்கிறவளுக்குக் குறைஞ்சாத்தான் சாவு, ஸாஹிர். கலங்கல் தண்ணி, அடி தெரியாது. போட்ல ஏழடி எண்டு கிடக்கு, நம்பிப் பாய்வாள். மூண்டடியில சேறு. சேத்துக்குக் கீழ நான் அடிச்ச பழைய கட்டை. கழுத்து என்னத்துக்காகும்?"

ஸாஹிர் கியரை மாற்றி மிதித்தான். பனிச்சங்கேணிப் பாலமும் கிரானும் பின்னால் போயின. அவனுடைய போனில் இருந்தும் பஹ்மிக்கு எடுத்துப் பார்த்தார்கள்; அதற்குள் அவன் போனை அணைத்துவிட்டான்.

"தொழுகைக்குப் பள்ளிக்குள்ள போயிருப்பான்," என்றான் ஸாஹிர். "நானும் போகணும். ஏறாவூர்ல உங்கள ஒரு ஓட்டோவில ஏத்தி விடுறன். என்ட மச்சான்ட ஓட்டோதான், பறப்பான். நீங்க பதறாதீங்க. நேத்து மழை, ஒருத்தரும் இறங்கியிருக்கமாட்டாங்க."

"இண்டைக்கு வெயில்."

"ஓம்," என்றான் ஸாஹிர் மெதுவாக. "இண்டைக்கு வெயில்தான்."

ஒரு மணி அடிக்க ஓட்டோ கேற்றடியில் நின்றது. கேற்றுப் பூட்டியிருந்தது. இலக்கப் பூட்டு. கோணாமலையருக்கு இலக்கம் தெரியாது. யசோதினி பிறந்த வருசத்தைத் தட்டினார். அது சிவப்பு வெளிச்சம் காட்டிக் கீச்சென்றது. மங்கையற்கரசி செத்த வருசத்தைத் தட்டினார். அதுவும் இல்லை. "ஆக்கள்! ஆக்கள்!" என்று கத்தினார். வாசலுக்கும் வாவிக்கும் இடையில் முழுவீடும் நின்றது. சோளகக் காற்றென்றாலும் சத்தத்தைக் கொண்டுபோயிருக்கும்; இது வாடை, அவர் முகத்துக்கே திருப்பி அடித்தது.

தென்னந்தோட்டத்துக்குள் புகுந்து ஓடினார். அறுபத்தாறு வயதில் ஓட்டம் என்று சொல்ல ஏலாது, தடுக்கித் தடுக்கிப் போனார். வேலியில் கள்ளன் வராமல் பஹ்மி இழுத்த முள்ளுக்கம்பி. அதைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தார். தண்ணீர் இருந்த இடமெல்லாம் கறுத்த சேறு. வாவி எட்டத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றவும் நேரமில்லை. சேற்றில் இறங்கி, வேலியின் கடைசிக் கம்பத்தைச் சுற்றி, தண்ணீருக்குள் வந்தார்.

பிள்ளை துறை நுனியில் நின்றாள். கறுப்பு நீச்சலுடுப்பு. கால்விரல் பலகை விளிம்பை மடித்துப் பிடித்திருந்தது, இரண்டு கையும் தலைக்கு மேலே. தகப்பன் கரையில் கதிரை போட்டுப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். போட் அவளுக்குப் பக்கத்தில், புதுப் பெயின்டோடு.

"மகளே! குதியாத!"

அவர் சொல்ல நினைத்தது "தங்கச்சி." வந்தது "மகளே." பிள்ளை கையை இறக்கவில்லை, ஆனால் பார்த்தாள். அந்த ஒரு கணம் போதும். கோணாமலையர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, அவள் பாய வேண்டிய இடத்தில், அவளுக்கு நேர் கீழே நின்றார். வேட்டி சேறாகிச் சுருண்டு கிடந்தது.

"ஹலோ! யார் நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?" உதயரூபன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "முதல்ல வெளியே வாங்க! பிள்ளை நிக்கிற இடத்தில... போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க தம்பி," என்றார் கோணாமலையர், மூச்சு வாங்கி வாங்கி. "அதுக்கு முன்ன இஞ்ச பாருங்க. நான் நிக்கிறன்."

"என்ன?"

"நான் நிக்கிறன். ஏழடித் தண்ணியில நான் எப்படி நிக்கிற?"

உதயரூபன் அவரைப் பார்த்தார். தண்ணீர் அவர் இடுப்பில் இருந்தது. போட்டைப் பார்த்தார். திரும்ப இடுப்பைப் பார்த்தார். போனைப் பிடித்திருந்த கை தன்பாட்டில் கீழே வந்தது. பிள்ளை மெல்லப் பலகையில் குந்தினாள். இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"ஆத்துவாய் வெட்டிட்டாங்க. தண்ணி இறங்கிட்டு," என்றார் கோணாமலையர். "ஏழடி எண்டு சொன்னவன் நான்தான். பிழை என்ட."

உதயரூபனின் மனைவி அவருக்குத் துவாய் கொண்டுவந்து கொடுத்தாள், விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்த வெள்ளைத் துவாய். அவர் அதில் சேறு பிரளும் என்று வாங்க மறுத்தார். அவள் தோளில் போட்டே விட்டாள். முன்விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

"ஐயா எங்க இருக்கீங்க?"

அவர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த வளவிலயா? வீட்டில யாருமே இல்லை, தனியாத்தான் இருப்பீங்க எண்டு சொன்னாங்களே."

"ஓம் மகள். தனியத்தான்," என்றார்.

பஹ்மி வந்து இறங்கும்போது தலையில் தொப்பி இன்னும் இருந்தது. நேரே துறைக்குப் போனான். தண்ணீரைப் பார்த்தான், போட்டைப் பார்த்தான். கரைச் சேற்றில் வெள்ளைச் சாரத்தோடு அப்படியே இருந்துவிட்டான். கோணாமலையர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லல்ல? அளக்கக்குள்ளயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கல்ல. எனக்கும் சொல்லத் தோணல்ல தம்பி. இது தெரியாத ஆக்களும் இருப்பாங்க எண்டு நான் யோசிச்சதே இல்ல."

"நீங்க போன் எடுத்தீங்க," என்றான் பஹ்மி. கண் கலங்கிவிட்டது. "நான் பூனை எண்டு நினைச்சன்."

"நேத்து நான் எடுத்தது பூனைக்குத்தானே. அதுவும் பொய். சோறு வெச்சிருப்பாய் எண்டு தெரியும். ஆரோடயாவது கதைக்கணும் போல இருந்துச்சி, எடுத்தன். எழும்பு. சாரம் ஊத்தையாகுது."

பஹ்மி எழும்பிப் போட்டைப் பிடுங்கி எறிந்தான். அன்றைக்கே யசோதினியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியும்விட்டான்.

சனிக்கிழமை காலை விருந்தாளிகள் பாசிக்குடாவுக்குப் போயிருந்தார்கள். போகுமுன் அந்தப் பிள்ளை வந்து, "போயிட்டு வாறன் ஐயா" என்று கையாட்டினாள். அவர்கள் போன பிறகு வளவு வழக்கம்போல் வெறிச்சென்று கிடந்தது. கோணாமலையர் குசினியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது யசோதினி எடுத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

"அப்பா, இனி நீங்க எங்கயும் போக வேணாம். ஆக்கள் வந்தாலும் அங்கயே இருங்க. முன்னுக்கு வந்து கதையுங்க, ஆத்தக் காட்டுங்க. பஹ்மி பட்டியல்ல உங்களையும் சேத்துட்டான்."

"என்ன எண்டு?"

"வளவில ஒருத்தர் எப்பவும் இருக்கார், தண்ணி பத்தி அவரிட்டக் கேக்கலாம் எண்டு. இருபத்து நாலாவது."

"அப்ப சிலிண்டருக்குப் பிறகு."

"அப்பா, பகிடி விடாதீங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

கோணாமலையருக்கும் சிரிப்பு வந்தது. சந்தோசமும்தான், இல்லையென்று சொல்ல முடியாது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். அவர் முகத்துக்கு நேரே சிவப்புச் சிலிண்டர் தொங்கியது, கழுத்தில் அட்டையோடு. அட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மகள், இந்தச் சிலிண்டருக்கு வருசத்துக்கு ஒருக்கா ஆள் வந்து பாக்கணுமாம். பாக்காட்டி உள்ளுக்குள்ள இறுகிப் போயிருமாம். வெளியால ஒண்டும் தெரியாதாம். பஹ்மி சொன்னான்."

"ஓம் அப்பா, அது அப்படித்தான்."

"எனக்கு எப்ப திகதி போட்டிருக்கு?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ஒரு ரயில் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் காத்திருந்தார்.

"அப்பா..."

"சும்மா கேட்டன் மகள். வேலைக்குச் சுணங்கும், நீ போ."

போனை வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். பஹ்மி பிடுங்கி எறிந்த போட்டைத் தூக்கிப் பின்பக்கத்தைத் திருப்பிச் சேற்றைத் துடைத்தார். துறை நுனியில் கம்பைக் குத்தி அளந்தார். கரித்துண்டால் பெரிதாக எழுதினார்: இன்றைக்கு மூன்றடி. எழுத்து கொஞ்சம் கோணிப் போயிற்று. அதற்குக் கீழே திகதியையும் போட்டார்.